மூன்று டேபிள், ஒரு எண்ணிக்கை: எந்த வழியில் எண்ணுவது?

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் உள்ள முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் ஒரு பீடிக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுத வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். கடையில் இலையும் தூளும் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுற்றி, பீடியைக் கடையில் ஒப்படைப்பார்கள். இரண்டும் பாஸ்புத்தகத்தில் ஏறும். டேட்டாபேஸில் இது மூன்று டேபிள். பீடி சுற்றும் ஆளுக்கு ஒரு வரி ‘உறுப்பினர்’ டேபிளில். இலை, தூள் கொடுக்கும் தடவைக்கு ஒரு வரி ‘வழங்கல்’ டேபிளில். பீடி வந்து சேரும் தடவைக்கு ஒரு வரி ‘வரவு’ டேபிளில். மூன்றையும் இணைப்பது பாஸ்புத்தக எண். டேபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற மூன்று டேட்டாபேஸ் மென்பொருளும் ஏற்றுக்கொள்ளும்.

வாரக் கடைசியில் கடைக்காரர் கேட்பது ஒரே ஒரு பட்டியல்: யார் எத்தனை தடவை இலை வாங்கினார், எத்தனை தடவை பீடி ஒப்படைத்தார், மொத்தம் எத்தனை பீடி. இதை எழுத நாலைந்து வழி இருக்கிறது. எல்லாமே பிழைச் செய்தி இல்லாமல் ஓடும். ஆனால் எல்லாமே ஒரே விடையைத் தராது. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஒருவருடைய கூலி போகிறது. அதனால் எந்த வழி என்பதை அவரவர் பழக்கத்துக்கு விட்டுவிட முடியாது.

சோதிக்க நாலு பேர் போதும். டேபிளில் இந்த வாரத்து வரிகள் மட்டும் இருப்பதாக இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

101: இலை வாங்கியது 3 தடவை. பீடி ஒப்படைத்தது 4 தடவை: 700, 700, 600, 800. மொத்தம் 2,800.
102: இலை 2 தடவை வாங்கியிருக்கிறார். பீடி இன்னும் வரவில்லை.
103: ஊரில் கோயில் கொடை. இலையும் வாங்கவில்லை, பீடியும் இல்லை.
104: இந்த வாரம் இலை வாங்கவில்லை. போன வாரத்து இலையில் சுற்றிய 500 பீடியை ஒரே தடவையில் ஒப்படைத்தார்.

இரண்டு பக்கமும் உள்ளவர், ஒரு பக்கம் மட்டும் உள்ளவர், மறுபக்கம் மட்டும் உள்ளவர், எதுவுமே இல்லாதவர். இந்த நாலு பேரும் சரியாக வந்தால் முந்நூறு பேரும் சரியாக வருவார்கள்.

முதலில் கைக்கு வருவது நேரடி ஜாயின், அதாவது பாஸ்புத்தக எண்ணை வைத்து மூன்று டேபிளையும் இணைப்பது. கீழே கட்டளைச் சொற்களை வாசிக்கும் ஓசையில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். உ, வ, ர என்பவை டேபிள்களின் சுருக்கப் பெயர்கள், ‘எண்’ என்பது பாஸ்புத்தக எண்.

செலக்ட் உ.எண், கவுண்ட்(*)
ஃப்ரம் உறுப்பினர் உ
ஜாயின் வழங்கல் வ ஆன் வ.எண் = உ.எண்
ஜாயின் வரவு ர ஆன் ர.எண் = உ.எண்
குரூப் பை உ.எண்

விடையாக வருவது ஒரே ஒரு வரி: 101, 12. மற்ற மூன்று பேரும் பட்டியலிலேயே இல்லை.

வெறும் ஜாயின் என்று எழுதினால் அது இன்னர் ஜாயின். எல்லா டேபிளிலும் ஜோடி கிடைப்பவர் மட்டுமே மிஞ்சுவார். 102-க்கு வரவு இல்லை, 104-க்கு வழங்கல் இல்லை, 103-க்கு இரண்டுமே இல்லை, மூவரும் போய்விட்டார்கள். இந்த வாரம் பீடி கொடுக்காதவரும் கடையின் ஆள்தான். வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக எண்ணியது 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அவருக்கு எதிரே பூஜ்யம் வரலாம், பெயரே வராமல் போகக் கூடாது.

12 எங்கிருந்து வந்தது? வழங்கல் வரிக்கும் வரவு வரிக்கும் நடுவே பாஸ்புத்தக எண்ணைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. திங்கட்கிழமை வாங்கிய இலைதான் செவ்வாய்க்கிழமை பீடியாக வந்தது என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது. 101-இன் மூன்று வழங்கல் வரிகளில் ஒவ்வொன்றையும் அவருடைய நாலு வரவு வரிகளோடும் ஜோடி சேர்க்கிறது. 3 × 4 = 12. பீடி மொத்தத்தைக் கூட்டச் சொன்னால் 2,800-க்குப் பதில் 8,400 வரும், ஏனென்றால் ஒவ்வொரு வரவு வரியும் மூன்று தடவை நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, சராசரி. 8,400-ஐ 12-ஆல் வகுத்தால் 700. 2,800-ஐ 4-ஆல் வகுத்தாலும் 700. ஒரு ஆளுக்குள் எல்லா வரவு வரியும் ஒரே மடங்கு பெருகுவதால் சராசரி மாறவில்லை. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டும் அப்படியே இருக்கும். சராசரியை மட்டும் பார்த்துவிட்டு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) சரி என்று நம்பினால், மொத்தத்தில் உள்ள தவறு கண்ணில் படாது. கடை முழுவதற்கும் ஒரே சராசரி எடுத்தால் அதுவும் கெட்டுவிடும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் மடங்கு வேறு.

சரி, லெஃப்ட் ஜாயினுக்கு மாறினால்? விடுபட்ட மூவரும் திரும்பி வருவார்கள். ஜோடி கிடைக்காத இடத்தில் மதிப்பே இல்லாத வெற்று, அதாவது ‘நல்’, நிற்கும். இங்கேதான் கவுண்ட் எதை எண்ணுகிறது என்பது முக்கியம். நட்சத்திரக் குறி போட்ட கவுண்ட் வரியை எண்ணும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. கொடைக்குப் போன 103-க்கும் ஒரு வரி இருப்பதால் 1 என்று சொல்லும். வரவு டேபிளின் ‘வரவு_எண்’ புலத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னால், வெற்றாக இல்லாததை மட்டும் எண்ணி 0 என்று சரியாகச் சொல்லும். லெஃப்ட் ஜாயினுக்குப் பின் எண்ணும்போது, வலப்பக்க டேபிளின் பிரைமரி கீயைத்தான், அதாவது ஒவ்வொரு வரிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணைத்தான், எண்ண வேண்டும். ஆனால் 101-க்கு இன்னும் 12-தான் வருகிறது. லெஃப்ட் ஜாயின் விடுபடுவதைத் தடுக்கும், பெருகுவதைத் தடுக்காது.

விடுபடுவதையும் அது எப்போதும் தடுத்துவிடாது. இந்த வாரத்துத் தேதி நிபந்தனையைக் கடைசியில், வரிகளை வடிகட்டும் ‘வேர்’ பகுதியில் எழுதிவிட்டால், வரவுத் தேதி வெற்றாக உள்ள 102-உம் 103-உம் நிபந்தனையில் தேறாமல் போய்விடுவார்கள். லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருப்போம், வேலை இன்னர் ஜாயின் போல நடக்கும். நிபந்தனை ஜாயினின் ‘ஆன்’ பகுதிக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து பலரும் எடுப்பது டிஸ்டிங்க்ட், ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தாலும் ஒரு தடவை மட்டும் எடுக்கும் சொல். கவுண்ட்(டிஸ்டிங்க்ட் வ.வழங்கல்_எண்), கவுண்ட்(டிஸ்டிங்க்ட் ர.வரவு_எண்) என்று எழுதினால் 101-க்கு 3, 4 என்று சரியாக வந்துவிடும். 102-க்கு 2, 0. 103-க்கு 0, 0. 104-க்கு 0, 1. எண்ணிக்கை மட்டும்தான் தேவை, டேபிளும் சின்னது என்றால் இது தவறில்லை.

ஆனால் கடைக்காரர் எண்ணிக்கையோடு நிற்க மாட்டார், மொத்தப் பீடியும் கேட்பார். அதே கையோடு சம்(டிஸ்டிங்க்ட் ர.பீடி) என்று கூட்டச் சொன்னால் 101-க்கு 2,100 வரும். இரண்டு நாள் ஒப்படைத்த 700-இல் ஒன்று காணாமல் போய்விட்டது. டிஸ்டிங்க்ட் வரியைப் பார்ப்பதில்லை, மதிப்பைப் பார்க்கிறது. இரண்டு 700-உம் அதற்கு ஒன்றே. 8,400 என்ற விடையாவது பார்த்தவுடன் உறுத்தும். 2,100 நம்பும்படி இருக்கிறது. ஒரு பெண் சுற்றிய 700 பீடிக்கான கூலி அந்த வித்தியாசத்தில் போய்விடும். அதனால் பணமோ அளவோ கூட்டுகிற குவெரியில் டிஸ்டிங்க்ட் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வேகமும் ஒரு காரணம். இதே குவெரியை ஒரு ஆண்டுக்கு ஓட்டிப் பாருங்கள். ஒருவர் ஆண்டில் 250 தடவை இலை வாங்கி, 280 தடவை பீடி ஒப்படைத்தால், அவர் ஒருவருக்கே 70,000 ஜோடி. கடையில் 300 பேர் என்றால் 2.1 கோடி வரி. அத்தனையும் உருவாக்கி, அப்புறம் அதில் வேறுபட்டதைத் தேடி எடுத்துத்தான் டிஸ்டிங்க்ட் சின்ன விடையைத் தருகிறது. உண்மையில் இரண்டு டேபிளிலும் சேர்த்து இருப்பது 1,59,000 வரிதான்.

எல்லா ஜாயினும் பெருக்கும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். எந்தத் திசையில் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வரவில் இருந்து உறுப்பினருக்குப் போனால் ஒரு வரிக்கு ஒரு ஆள்தான் கிடைப்பார், வரிகள் பெருகாது. உறுப்பினரில் இருந்து ‘ஊர்’ டேபிளுக்குப் போவதும் அப்படியே. ஒருவரில் இருந்து பலவற்றுக்குப் போகும்போதுதான் வரிகள் பெருகும். அப்படி இரண்டு பக்கம் ஒரே சமயத்தில் போனால் ஒன்றை ஒன்று பெருக்கிவிடும்.

ஒருவருக்கு ஒன்று என்று நாம் நினைப்பது உண்மையில் அப்படித்தானா என்பதும் சோதிக்க வேண்டியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம் அந்தப் பக்கம் போனது, முக்கூடல் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. ஊர் டேபிளில் யாராவது பழைய வரியை விட்டுவிட்டு, ஆலங்குளத்துக்குத் தென்காசி என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த ஊர்ப் பெண்களின் கணக்கு மட்டும் இரட்டிப்பாகும். ஊர்ப் பெயருக்கு யுனிக் கட்டுப்பாடு போட்டிருந்தால் இரண்டாவது வரி உள்ளேயே வந்திருக்காது. பெயரை வைத்து ஜாயின் செய்வதும் இதே வம்புதான். நம்ம பக்கம் ஒரே தெருவில் நாலு இசக்கியம்மாள், மூன்று பேச்சியம்மாள் இருப்பது சாதாரணம். ஜாயின் எண்ணில்தான் நடக்க வேண்டும்.

இனி நான் தேர்ந்தெடுக்கும் வழி. ஒவ்வொரு டேபிளையும் தனித்தனியாக ஆளுக்கு ஒரு வரி என்று சுருக்கிவிட்டு, அப்புறம் இணைப்பது.

வித் கொ ஆஸ் (
  செலக்ட் எண், கவுண்ட்(*) ஆஸ் தடவை
  ஃப்ரம் வழங்கல்
  வேர் தேதி பிட்வீன் :முதல் ஆண்ட் :கடைசி
  குரூப் பை எண்
),
வா ஆஸ் (
  செலக்ட் எண், கவுண்ட்(*) ஆஸ் தடவை, சம்(பீடி) ஆஸ் மொத்தம்
  ஃப்ரம் வரவு
  வேர் தேதி பிட்வீன் :முதல் ஆண்ட் :கடைசி
  குரூப் பை எண்
)
செலக்ட் உ.எண், கோயலெஸ்(கொ.தடவை, 0), கோயலெஸ்(வா.தடவை, 0), கோயலெஸ்(வா.மொத்தம், 0)
ஃப்ரம் உறுப்பினர் உ
லெஃப்ட் ஜாயின் கொ ஆன் கொ.எண் = உ.எண்
லெஃப்ட் ஜாயின் வா ஆன் வா.எண் = உ.எண்

மேலே இருந்து படியுங்கள். ‘கொ’ என்பதில் ஆளுக்கு ஒரு வரிதான், ‘வா’ என்பதிலும் ஆளுக்கு ஒரு வரிதான். ஒன்றோடு ஒன்றைப் பெருக்கினால் ஒன்று, பெருகுவதற்கே இடமில்லை. தேதி நிபந்தனை உள்ளே போய்விட்டதால் லெஃப்ட் ஜாயினைக் கெடுக்காது. உள்ளே ஜோடி இல்லாத வரி எதுவும் இல்லை என்பதால் நட்சத்திரக் குறி கவுண்ட்டே போதும். வரி இல்லாதவருக்கு வெளியே வெற்று வரும். கோயலெஸ் அதைப் பூஜ்யமாக மாற்றுகிறது. 101-க்கு 3, 4, 2,800. 102-க்கு 2, 0, 0. 103-க்கு எல்லாம் 0. 104-க்கு 0, 1, 500. நாளைக்குக் கழிவுப் பீடிக்கு ஒரு டேபிள், முன்பணத்துக்கு ஒரு டேபிள் என்று சேர்ந்தாலும், ஒவ்வொன்றுக்கும் இன்னொரு சுருக்கம் எழுதிச் சேர்த்தால் போதும். ஏற்கெனவே சரியாக இருந்த எண் எதுவும் மாறாது. மற்ற வழிகளில் இந்த நிம்மதி கிடையாது.

ஒரு குவெரியின் விடையை இப்படி டேபிள் போலவே பயன்படுத்த முடிவது தற்செயல் இல்லை. 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் மாதிரியின் அடிப்படையே அதுதான்: டேபிள்களின் மேல் செய்யும் செயலின் விடையும் ஒரு டேபிளே. வித் என்ற அமைப்பு மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பில்தான் வந்தது. பழைய 5.7 ஓடும் கடை என்றால், அதே சுருக்கத்தை ஜாயினுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சப்குவெரியாக, அதாவது குவெரிக்குள் குவெரியாக, எழுதினால் விடை ஒன்றே.

இதற்குப் போட்டியாக நிற்கக்கூடியது செலக்ட் வரிசைக்குள் எழுதும் சப்குவெரி. உறுப்பினர் டேபிளில் இருந்து ஒவ்வொருவரையும் எடுத்து, அவருக்கு வழங்கல் எத்தனை என்று ஒரு சின்னக் குவெரி, வரவு எத்தனை என்று இன்னொரு சின்னக் குவெரி. பெருகாது, விடுபடாது, எண்ணிக்கைக்குத் தானாகவே 0 வரும். மொத்தத்துக்கு மட்டும் கோயலெஸ் வேண்டும், ஏனென்றால் வரியே இல்லாதபோது சம் வெற்றைத் தரும். படிப்பதற்கு இதைவிட எளிதான வடிவம் இல்லை. கணக்கர் ஒருவருடைய பாஸ்புத்தக எண்ணை அடித்து அவர் கணக்கை மட்டும் திரையில் பார்க்கும் இடத்தில் நானும் இதைத்தான் எழுதுவேன். முழுப் பட்டியலுக்கு எடுத்தால், போஸ்ட்கிரெஸ் ஆளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சப்குவெரியையும் ஓட்டும். 300 பேர், மூன்று எண் என்றால் 900 தேடல். எண், தேதி இரண்டும் சேர்ந்த இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) இருந்தால் இது கண்ணிமைக்கும் நேரம். இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலும் முழு டேபிளைப் புரட்டும். ஃபாரின் கீ (உறுப்பினர் டேபிளில் உள்ள எண்தான் மற்ற டேபிளிலும் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு) போட்டால் இன்டெக்ஸ் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு இயந்திரம் உருவாக்கித் தரும், போஸ்ட்கிரெஸ் தராது.

இன்னொரு வழி, எண்ணவே எண்ணாமல் உறுப்பினர் டேபிளிலேயே ‘மொத்த_வரவு’ என்று ஒரு புலம் வைத்து, பீடி வரும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொண்டே போவது. பார்க்க வேகம். ஆனால் கணக்கர் தவறாக அடித்த வரியை அழிக்கும்போது அதைக் குறைக்க வேண்டும். ஒருவர் பெயரில் ஏறியதை இன்னொருவருக்கு மாற்றினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். இரண்டு மேசையில் ஒரே சமயம் பதிந்தால், பழைய எண்ணைப் படித்து ஒன்று கூட்டி எழுதும் நிரல் ஒரு பதிவை விழுங்கிவிடும். ஒரு கடைக்கு ஆண்டுக்கு லட்சம், இரண்டு லட்சம் வரி என்ற அளவில் எந்த டேட்டாபேஸும் திணறாது. இந்தச் சிக்கலை விலை கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. பல ஊர்க் கடைகள் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து கோடிக்கணக்கில் போனால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் வாரம் ஒருமுறை மேலே உள்ள சுருக்கும் குவெரியை ஓட்டி ஒத்துப் பார்க்க வேண்டும்.

பாஸ்புத்தகப் பக்கத்தையே அச்சிட வேண்டும் என்றால் ஜாயின் பக்கம் போகவே வேண்டாம். அந்தப் பக்கத்தில் வழங்கலும் வரவும் தேதி வாரியாக ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் இல்லை. அதற்கு யூனியன் ஆல்தான் சரி: இரண்டு டேபிளின் வரிகளையும் அடுக்கி, தேதியால் வரிசைப்படுத்தினால் முடிந்தது. ஆல் என்ற சொல்லை விடக் கூடாது. விட்டால் ஒரே நாளில் ஒரே அளவில் வந்த இரண்டு வரி ஒன்றாகிவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் பட்டியலைக் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் இரண்டு எண்ணைச் சரிபார்க்கச் சொல்வேன். பட்டியலின் வரி எண்ணிக்கையும் உறுப்பினர் டேபிளின் வரி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள பீடி மொத்தங்களின் கூட்டுத்தொகையும், ஜாயினே இல்லாமல் வரவு டேபிளில் அதே வாரத்துக்கு நேராக எடுத்த கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது குறைந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார்கள். கூடினால் எங்கோ பெருகியிருக்கிறது. இரண்டாவது குறைந்தால், பெரும்பாலும் யாருடைய எண்ணும் இல்லாத ஒரு பாஸ்புத்தக எண்ணில் பீடி ஏறியிருக்கும். 101 என்று அடிப்பதற்குப் பதில் 1001 என்று அடித்தால், அந்த வரவு உறுப்பினரில் இருந்து தொடங்கும் எந்த ஜாயினிலும் தென்படாது.

அதை வாசலிலேயே நிறுத்துவது ஃபாரின் கீ. சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் எஸ்கியூலைட்தான் போடுகிறோம். அதில் ஃபாரின் கீயை டேபிளில் எழுதியிருந்தாலும் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு தடவை டேட்டாபேஸை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும். முதல் வேலையாக அந்த ஒரு வரியை நிரலில் சேர்த்துவிட்டு, வரவு டேபிளில் ஏற்கெனவே ஆள் இல்லாத எண்கள் இருக்கின்றனவா என்று நாட் எக்ஸிஸ்ட்ஸ் (ஜோடி இல்லாத வரியைக் காட்டும் நிபந்தனை) வைத்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.